மூன்று டிகிரி முன்னால்

செவ்வாய்

வண்டியை விற்கப் போகிறார்கள். காலையில் கஞ்சி குடிக்கும்போது அண்ணன் மனோஜ்குமார் இதைச் சொன்னான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். பழனியில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் தண்டாயுதபாணி என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறாராம்.

வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது. பழைய நூறு சிசி பைக். மலைமேல் வில்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மூஞ்சிக்கல்லில் நடக்கும் மாலை வகுப்புக்கு நான் அதில்தான் போய்வருகிறேன். வகுப்பு முடிகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வண்டி போனால் என் மெக்கானிக் படிப்பும் போயிற்று. இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது.

மூட்டை ஏறாத வண்டி எதற்கு என்று அண்ணன் சொல்லும் காரணம் பொய்யில்லை. எங்கள் பூண்டுக் காட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் மண் பாதை நானூறு மீட்டர், மூன்று கொண்டை ஊசி வளைவு. இரண்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு முதல் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால், வண்டி ஒரு விநாடி ஒன்றுமே செய்யாமல் முனகும். அந்த ஒரு விநாடியில்தான் இரண்டாவது வளைவில் அணைந்துபோகிறது. போன அறுவடைக்குச் சுமைக் குதிரைகளைத்தான் கூப்பிட்டோம்.

"கொள்ளு போட்டா குதிரை ஏறிருது. இதுக்கு என்னத்தடி போடுவ?" என்றார் அம்மா.

"ஞாயித்துக்கிழமை நான் ஏத்திக் காட்டுறேன். ஆறு மூட்டை, ரெண்டு ரெண்டா. ஏறிருச்சுன்னா விக்கக் கூடாது" என்றேன்.

அண்ணன் சிரித்தான். அப்பா தட்டைக் கழுவிக்கொண்டே, "ஏறுச்சுன்னா இருக்கட்டும். ஏறலைன்னா அழுகக் கூடாது" என்றார்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி ஏற்றுவேன் என்று எனக்கே தெரியாது.

புதன்

இதுவரை பார்த்தவை: கார்புரேட்டர் சுத்தம். பிளக் புதிது. ஏர் ஃபில்டர், கிளட்ச், செயின் எல்லாம் சரி. மிச்சம் இருப்பது டைமிங், அதாவது சிலிண்டருக்குள் பொறி எப்போது விழுகிறது என்பது.

என் யோசனை இது. எங்கள் உயரத்தில் காற்று மெலிசு. மெலிந்த காற்றில் பெட்ரோல் மெதுவாக எரியும். பொறி வழக்கமான நேரத்தில் விழுந்தால், தீ முழுதாகப் பரவுவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். அந்தத் தள்ளு வீண். பொறியைக் கொஞ்சம் முன்னால் விழச் செய்தால் தாழ்ந்த கியரில் முறுக்கிய உடனே இழுக்க வேண்டும். இதை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டு, கடைசியில் வகுப்பில் சிவமுருகன் சாரிடம் கேட்டேன்.

"டைமிங் கம்பெனி செட்டிங்மா. அதுல கை வைக்கக் கூடாது."

"நம்ம ஊரு உயரத்துக்கு…"

"கம்பெனி இன்ஜினியரைவிட உனக்கு அதிகமா தெரியுமா?"

"ராக்கெட் விடப் போறா சார்" என்றான் பின்பெஞ்சு விக்னேஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். இன்று உட்காரவில்லை. "அவங்களுக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும் சார். ஆனா எங்க பூண்டுக் காடு தெரியாது" என்றேன்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஓவரா முன்னாடி தள்ளினா உள்ள சுத்தியல் மாதிரி கொட்டும். டக்கு டக்குனு சத்தம் வரும். விடாம ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை. அப்புறம் என்கிட்ட வராத."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வியாழன்

வெள்ளனே எழுந்து களை எடுக்கப் போய்விட்டு, மதியம் ஆரம்பித்தேன். எண்ணெய் கொட்டாமலிருக்க வண்டியை வலப்பக்கம் சாய்த்துவைத்து, இடப்பக்கத்து மேக்னட் கவரைக் கழற்றினேன். உள்ளே காந்தச் சக்கரம் சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சின்ன மேடு. அந்த மேடு பக்கத்தில் இருக்கும் பிக்கப் காயிலைத் தாண்டும்போது பொறி விழுகிறது. காயிலை நகர்த்தினால் பொறியின் நேரமும் நகரும்.

சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்தேன். முப்பத்தாறு சென்டிமீட்டர். முந்நூற்று அறுபது டிகிரிக்கு முந்நூற்று அறுபது மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஒரு டிகிரி. இவ்வளவு சுலபமாக வந்ததால் சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன். அதேதான்.

காயிலின் இரண்டு திருகு ஓட்டைகளையும் உருண்டை அரத்தால் நீளவாக்கில் ராவினேன். மூன்று மில்லிமீட்டர். காயிலுக்கும் மேட்டுக்கும் நடுவே இடைவெளி மாறாமலிருக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகிப் பார்த்தேன். வகுப்பு நோட்டில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பார்த்துக் காயிலை நகர்த்தி முடுக்கினேன்.

கவரை மூடிப் பாதையில் ஏற்றிப் பார்த்தால், வெறும் வண்டியே முதல் வளைவில் நின்றுவிட்டது. முன்பைவிட மோசம். சைலன்சர் தொட முடியாதபடி கொதித்தது.

மேலே ரோட்டில் முதலாளியின் சவாரி ஜீப்பை ஓட்டிவந்த அண்ணன், அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "இருந்ததையும் கெடுத்துட்டியா? ஏ புள்ள, அந்த ஆளு வர்றதுக்குள்ள பழையபடி ஆக்கி வையி."

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன்.

வெள்ளி

இரவெல்லாம் என் கணக்கே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கவரைத் திறந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிச் சக்கரத்தையே பார்த்தேன். அது இடஞ்சுழியாகச் சுற்றியது. நோட்டில் அம்பு வலஞ்சுழி.

வகுப்பில் மேசைமேல் இருக்கும் பழைய எஞ்சினில் பொறிச் சாமான்கள் எல்லாம் வலப்பக்கம். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் அம்பு வரைந்தோம். என் வண்டியில் அவை இடப்பக்கம். ஒரே சுற்றுதான், ஆனால் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்த்திசை. நேற்று நான் பொறியை முன்னால் தள்ளவில்லை. மூன்று டிகிரி பின்னால் இழுத்துவிட்டேன். சக்கரம் என் கண் முன்னால் சுற்றியது. நான் கண்ணை விட்டுவிட்டு நோட்டை நம்பினேன்.

மறுபக்கம் ராவ வேண்டியதாயிற்று. காயிலைச் சக்கரத்துக்கு எதிராக நகர்த்தி, முதலில் நான்கு டிகிரி வைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது. மூன்றுக்கு இறக்கினேன். உதைக்கவில்லை. ஒற்றை மூட்டையுடன் மூன்று தடவை ஏறி இறங்கிக் காது கொடுத்துக் கேட்டேன். டக்கு டக்கு இல்லை. இருந்தும் எனக்குக் கேட்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

ஞாயிறு

பத்து மணிக்கு அண்ணன் தண்டாயுதபாணியைக் கூட்டிவந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, குளிருக்கு மப்ளர். இருவரும் அப்பாவுடன் மேலே ரோட்டோரம் நின்றார்கள். நான் கீழே காட்டில் முப்பது கிலோ மூட்டை இரண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வளைவில் வேகம் குறைந்தது. முறுக்கினேன். அந்த ஒரு விநாடி வரவில்லை. கை திரும்பியதும் பின்சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ளியது. இரண்டாவது வளைவில் கல் ஒன்று புரண்டு வண்டி ஏறக்குறைய நின்றே விட்டது. மறுபடி முறுக்கினேன். நின்ற இடத்திலிருந்து எழுந்து ஏறியது. மேலே வந்து சேர்ந்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அடேங்கப்பா" என்றார் தண்டாயுதபாணி. மூட்டையை இறக்கச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தார். "தொட்டாப் போதும், பாயுது! மனோஜு, இப்பவே எடுத்துக்கிறேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. விற்காமலிருக்க வண்டியை நல்லதாக்கினேன். நல்லதானதால் உடனே வேண்டுமாம்.

"சாவியக் குடு" என்றான் அண்ணன்.

"ஏறுச்சுன்னா இருக்கட்டும்னு அப்பா சொன்னாரு."

"வண்டி எம் பேருல இருக்கு."

நான் தண்டாயுதபாணியின் பக்கம் திரும்பினேன். "ஐயா, இது இந்த மலைக்குன்னு வச்ச டைமிங்ங்க. பழனிச் சூட்டுக்கு உள்ள கொட்டி பிஸ்டன் போயிரலாம். நிச்சயமாச் சொல்லத் தெரியல. ஆனா சொல்லாம இருக்கக் கூடாது."

"அப்பப் பழைய இடத்துலயே வச்சுக் குடுத்துரு" என்றான் அண்ணன்.

"வைக்க மாட்டேன்."

"என்னது?"

"வைக்க மாட்டேன்ணே. வேணும்னா நீயே வையி." ஸ்பேனரை அவன் முன்னால் நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாங்கவில்லை. ஜீப்புக்கு டயர் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவன்.

"வெரசாப் பேசி முடிங்க. மூட்டை இன்னும் நாலு கெடக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியோடு கீழே இறங்கினேன். பின்னால் அண்ணன் கத்துவது கேட்டது. நான் நிறுத்தவில்லை. அடுத்த இரண்டு மூட்டையைக் கட்டினேன்.

இரண்டாவது நடையும் நிற்காமல் ஏறியது. மூன்றாவது நடை ஏறியபோது அப்பா ஆறாவது மூட்டையைத் தானே அவிழ்த்து இறக்கினார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிக்குச் சோலி கெடக்குங்க. நீங்க வேற பாருங்க" என்றார்.

"அப்பா!" என்றான் அண்ணன்.

"நீயுந்தான கேட்டுக்கிட்டு இருந்த, நான் சொன்னத."

தண்டாயுதபாணி மப்ளரை இறுக்கிக்கொண்டார். "வண்டி வேணாம்ப்பா. இந்தப் புள்ளைய ஒரு நாளைக்கிக் கீழ அனுப்புங்க. எங் கடையில ஒரு கெழட்டு வண்டி படுத்துக் கெடக்கு."

அண்ணன் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என்னோடு பேசவில்லை. ஆனால் அவன் தட்டில் நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டான்.

திங்கள்

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தேன். ஒளிக்க விருப்பமில்லை, நேராகச் சாரிடம் சொன்னேன்.

"யாரும்மா உன்னைக் கை வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

அவர் வெளியே வந்தார். தானே உதைத்துக் கிளப்பி, காதைச் சாய்த்து, இரண்டு தடவை முறுக்கினார். வண்டி ஆறியதும் பிளக்கைக் கழற்றச் சொல்லி, உள்ளே கொட்டிய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விக்னேஷ் எட்டிப் பார்த்தான். மேசை எஞ்சினின் அம்புக்குறி எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதையும் சொன்னேன். சார் பிளக்கை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது இந்த எஞ்சின்."

"தாங்கும் சார்" என்றேன்.

தாங்குமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.