நூற்று முப்பத்தேழாம் பக்கம்

நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னாலே கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். "அப்ப நிறைய படிப்பீங்க" என்பார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன். உண்மை என்னவென்றால், பதினேழு வருடமாகப் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்திக் குத்தி, வீட்டுக்குப் போய் எழுத்தைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வரும். கடைசியாக எப்போது ஒரு நாவலை முழுதாகப் படித்தேன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வருடம் எங்கள் தலைமை நூலகர் வாசலில் ஒரு அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை இது யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உஷ்'. எப்போதும் ஒரு விரல் உதட்டை நோக்கிப் பாதி வழியில் இருக்கும். அலமாரிக்கு மேலே 'எங்கள் ஊழியர்களின் பரிந்துரை' என்று பலகை. ஊழியர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு புத்தகம் வைக்க வேண்டும், ஏன் பிடித்தது என்று நாலு வரி கைப்பட எழுதிச் சீட்டு ஒட்ட வேண்டும்.

எங்களில் நிஜமாகவே படிப்பவள் ஒருத்திதான். அகராதியும் கலைக்களஞ்சியமும் வைத்திருக்கும் குறிப்புதவிப் பிரிவில் இருக்கிறாள், நாங்கள் அவளை 'அகராதி' என்று கூப்பிடுவோம். அவள் எழுதும் சீட்டு நாவலைவிட ஒரு பக்கம்தான் குறைவாக இருக்கும். அதைப் படித்து முடித்தவர்களுக்குப் புத்தகத்தை எடுக்கத் தெம்பு இருக்காது. என் சீட்டு அப்படியில்லை. எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். நன்றாக அடிபட்ட ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, முதுகை மேசையில் ஊன்றி, இரண்டு கையையும் விட்டுவிடுவேன். அது தானாக ஒரு இடத்தில் திறந்துகொள்ளும். பல பேர் திரும்பத் திரும்பப் புரட்டிய இடமாகத்தானே இருக்கும் என்பது என் கணக்கு. அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வேன், பின்னட்டையில் இருந்து ஒரு வரி உருவுவேன், வேலை முடிந்தது.

'89ஆம் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.' 'இந்த நாவலின் உயிர் 201ஆம் பக்கத்தில் இருக்கிறது.' இப்படிப் பதினோரு மாதம். என் புத்தகங்கள் வைத்த மறுநாளே காணாமல் போகும். உஷ் என்னைப் பார்த்துத் தலையாட்டும் அளவுக்கு நிலைமை முன்னேறியது. அகராதி மட்டும், "உனக்கு எப்படிடி பக்க நம்பர் எல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று கேட்பாள். "ரசிச்சுப் படிக்கணும்" என்பேன். வெட்கம் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உஷ் என் மேசைக்கு வந்து, விரலைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினார்.

"உங்க ரயில் பாலம் நாவலப் பத்தி எல்லாரும் பேசறாங்க. வர்ற சனிக்கிழமை ஒரு சந்திப்பு வெச்சிடலாம். நீங்க ஒரு மணி நேரம் பேசுங்க. வாசகர்கள் கேள்வி கேட்பாங்க."

ரயில் பாலம் என்று அவர் சொன்னது ஒரு பாலத்துக் காவலாளியின் கதை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் அறிந்தது அவ்வளவுதான். சீட்டில் நான் எழுதியிருந்தது: '137ஆம் பக்கத்தை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.'

இருப்பது ஒரே பிரதி, வாசகர்கள் ஆளுக்கு இரண்டு நாளில் படித்துவிட்டுக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை எப்படியாவது திரும்ப வாங்கி நாலு நாளில் படித்துவிடலாம் என்று கணினியில் யாரிடம் இருக்கிறது என்று தேடினேன். உறுப்பினர் எண் வந்தது, பெயர் வந்தது. என் வீட்டுக்காரர் பெயர்.

அவர் லிப்ட் மெக்கானிக். எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில், எங்கள் நூலகத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்று நான்தான் அவருக்கு ஒரு உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தேன். அதைப் பர்ஸில் ஒரு ஓரமாக வைத்திருப்பார் என்று நினைத்தேன். அட்டையின் கணக்கைத் திறந்தால் பதினோரு புத்தகம். பதினொன்றும் என் பரிந்துரை. பதினொன்றும் வியாழக்கிழமை எடுத்தவை. வியாழன் என்றால் நான் மாடியில் பத்திரிகைப் பிரிவில் இருப்பேன், என் மேசையில் அகராதி உட்காருவாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று அவளிடம் போய் நின்றேன்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உன் வீட்டுக்காரர் உன்கிட்ட சொல்லாதத நான் ஏன் சொல்லணும்?" என்றாள். நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அவர் வந்து பையை மாட்டும்வரை பொறுத்திருந்தேன்.

"பையில என்ன இருக்கு?"

"ஸ்பேனர்."

"அப்புறம்?"

"டிபன் டப்பா."

"அப்புறம்?"

இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்ட் மாதிரி நின்றார். பிறகு பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கிரீஸ் படக்கூடாது என்று அட்டை போட்டிருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டம், அதற்கு வேண்டும் என்றேன்.

"நீதான் படிச்சிருக்கியே."

"ஒரு தடவ புரட்டிப் பார்த்துக்கறேன்."

அவர் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மத்ததெல்லாம் எனக்கு ஒரு மாதிரி புரியுது. நீ நில்லுன்னு எழுதினியே, அந்தப் பக்கம்தான் பிடிபடல. லிப்ட் மோட்டார் ரூம்ல உட்கார்ந்து அஞ்சு தடவ படிச்சேன். போன மாசப் புத்தகத்துலயும் அப்படித்தான். அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். நீ எத சொல்றியோ அது மட்டும் எனக்கு வர மாட்டேங்குது. விடு. ஸ்பேனர் பிடிக்கற கைக்கு இவ்வளவு போதும்."

நான் 137ஐத் திறந்து பார்த்தேன். காவலாளி கடைக்குப் போகிறான். ஒரு பூட்டு வாங்குகிறான். சாவி போட்டு இரண்டு முறை திறந்து பார்க்கிறான். வீட்டுக்கு வருகிறான். பக்கம் முடிந்தது.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ, "நிதானமா யோசிச்சா வரும்" என்ற ஒரு வரி. அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தட்டைக் கழுவும்போது கீழே போட்டேன்.

மறுநாள் பைண்டர் வந்தார். கிழிந்த புத்தகங்களை மாதம் ஒருமுறை எடுத்துப்போய்த் தைத்துக் கொடுப்பவர். ஒரு வேகத்தில் ரயில் பாலத்தை நீட்டி அவரிடம் கேட்டேன். "அண்ணே, இது ஏன் எப்ப விட்டாலும் இந்த இடத்துலயே திறக்குது?"

அவர் புத்தகத்தை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்தார். "நான் தைச்சதும்மா. பதினாறு பக்கம் ஒரு கட்டு. கட்டுக்கு நடுவுல நூல் போகும். இதுல ஒரு கட்டுல நூல் கொஞ்சம் இறுக்கமா விழுந்துடுச்சு. அங்கதான் வாயத் திறக்கும்."

"எல்லாப் புத்தகமும் அப்படியா?"

"நான் தைச்சது எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு இடம் அப்படி இருக்கும். கை மனுஷக் கைதானே. ஏன், யாராவது குறை சொன்னாங்களா?"

"இல்லண்ணே. ரொம்பப் பாராட்டினாங்க" என்றேன். ஒரு வருடமாக நான் இலக்கியம் என்று பரிந்துரைத்தது அவருடைய இறுகிய நூலைத்தான்.

சனிக்கிழமைக்குள் படித்துவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். தொண்ணூறாம் பக்கம்வரை போனேன். சனிக்கிழமை மதியம் படிப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பதினான்கு பேர் வந்தார்கள், எல்லாரும் எங்கள் வழக்கமான வாசகர்கள். உஷ் முன்னால், அகராதி அவருக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக. கடைசியில், கதவோரம், வேலை உடுப்பில் என் வீட்டுக்காரர். வருவதாக அவர் சொல்லவே இல்லை.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஆரம்பித்துவிட்டார். "நேரா விஷயத்துக்கு வரேன். 137. அந்தப் பூட்டு இருக்கே, அது அவன் மனசு. வாங்கிட்டு வந்து அவனே பூட்டிக்கிறான். முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஆளுங்கள நிறைய பார்த்திருக்கேன்."

"ரெண்டு தடவ திறக்கிறான், அதக் கவனிச்சீங்களா?" என்றார் கணக்கு டீச்சர். "முதல் தடவை கடந்த காலம். ரெண்டாவது தடவை எதிர்காலம்."

பல் டாக்டர் சும்மா இருப்பாரா. கடைக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசாததுதான் முக்கியம் என்றார், அந்த மௌனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். உஷ் கண்ணை மூடி ரசித்தார். எல்லாரும் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லலேன்னா நாங்க கவனிச்சிருக்கவே மாட்டோம்" என்றார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் நான் ஒரு புன்னகையோடு தப்பித்திருப்பேன். ஆனால் கதவோரம் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் பேசும்போதும் நிமிர்ந்து கேட்டார், தலையாட்டினார், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குப் புரிந்திருக்கிறது, டாக்டருக்குப் புரிந்திருக்கிறது, தனக்குத்தான் இல்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டிருந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் இந்தப் புத்தகத்தப் படிக்கல" என்றேன்.

அறையில் அப்படி ஒரு அமைதியை உஷ்கூட உண்டாக்கியதில்லை. அவர் விரல் பழக்கத்தில் தானாக உதட்டுக்குப் போயிற்று. என்னை அடக்கவா, தன்னை அடக்கவா என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையை விட்டுத் திறப்பது, பின்னட்டை, பைண்டரின் நூல், பதினோரு மாதம். நடுவில் நிறுத்தவில்லை.

"அப்ப அந்தப் பூட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூட்டு பூட்டுதான் சார்."

முதலில் சிரித்தது அகராதி. பிறகு கதவோரத்தில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்து நாளாகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. முன்னூறாம் பக்கம் கிட்ட வரும். சொல்லலாமா?"

உஷ் கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று சொன்னார்.

"மூடுபனில ரயில் பாலத்து மேல நின்னுடுது. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. காவலாளியால அங்க போக முடியாது. அதனால இந்தக் கரையில நின்னுக்கிட்டு சத்தமா எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கான். காய்கறி பேரு, ஸ்டேஷன் பேரு, வாயில வந்தது எல்லாம். டிரைவருக்குக் கேட்குமான்னு தெரியாது. ஆனா நிறுத்தல. எங்க வேலையிலயும் அப்படித்தான். லிப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல கதவுகிட்ட நின்னு பேசணும். என்ன பேசறோம்கறது முக்கியமில்ல. வெளியில ஒரு ஆள் இருக்குன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியணும். ரிப்பேர் எல்லாம் அதுக்கு அப்புறம். இத எழுதினவருக்கு எங்க வேலை தெரியும்னு நினைக்கிறேன்."

பிறகு கணக்கு டீச்சர், "அந்த இடத்த நான் வேகமா தாண்டிட்டேன்" என்று என்னிடமிருந்து புத்தகத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். மிச்ச நேரம் முழுதும் என் வீட்டுக்காரரிடம்தான் கேள்வி கேட்டார்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர் என்று நான் பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர், நாற்பது நிமிடம் பேசினார். கூட்டம் கலைந்ததும் உஷ் என்னிடம், திங்கட்கிழமை தன் அறைக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன்.

நானும் வீட்டுக்காரரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லாம படிச்சீங்க?"

"நாள் பூரா வேலை பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா நீ பேசவே மாட்டேங்கற. புத்தகத்தப் பத்தின்னா பேசுவன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் பேசல?"

"ஒவ்வொரு தடவையும் படிச்சு முடிச்சதும் பேசலாம்னுதான் வருவேன். ஆனா நீ முதல்ல அந்தப் பக்கத்தப் பத்தித்தானே கேட்பே. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சரி, அடுத்த புத்தகத்துல பார்த்துக்கலாம்னு திருப்பிக் கொடுத்துடுவேன்."

பதினோரு தடவை அவர் என்னிடம் பேச வந்திருக்கிறார். பதினோரு தடவையும் என் சீட்டு குறுக்கே நின்றிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பையை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"முதல் புத்தகத்துல இருந்து சொல்லுங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பதான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல ஒரு தச்சர் இருந்தாரு" என்று ஆரம்பித்தார். எங்கள் பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.