எழுபத்திரண்டாயிரம்

அத்தானுக்கு வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பத்து மணிக்குக் கணினித் திரையில் கூட்டம் என்று அழைத்தார்கள். பத்து ஒன்பதுக்கு முடிந்துவிட்டது. அவரோடு சேர்த்து இருநூறு பேர். பதினாறு வருடம் அந்த நிறுவனத்தின் தரவுத்தளங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். மதியமே அவருடைய அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. மேசை இழுப்பறையில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் காவலாளிதான் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்.

அதன்பிறகு ஏழு மாதம். நூற்று நாற்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் அனுபவம் அதிகம் என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில் அனுபவம் ஒரு குற்றமாகிவிட்டதே என்று அவர் முதலில் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார்.

அவருடைய மனைவியின் தங்கை வேறொரு மென்பொருள் நிறுவனத்தில் ஹெச்.ஆர். பிரிவில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வயது முப்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் இருவரும் நின்றிருந்தார்கள். அக்கா பாத்திரம் தேய்த்துக் கொடுக்க, சின்னவள் துடைத்து அடுக்கினாள். அத்தான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக் கடன் தவணை முப்பத்தெட்டு," என்றாள் அக்கா, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் குரலை ஒளித்தபடி. "ரெண்டு பேருக்கும் ஸ்கூல் ஃபீஸ் மாசத்துக்குப் பதினொண்ணு வருது. மளிகை, கரண்ட்டு, அத்தையோட மருந்து. எப்படிச் சுருக்கினாலும் எழுபத்திரண்டு வேணும்டி. எழுபத்திரண்டு வந்தா மூக்குக்கு மேல தண்ணி போகாம நின்னுடுவேன்."

"அவர் பழைய சம்பளம் ஒரு லட்சத்து முப்பதுதானே அக்கா?"

"அதெல்லாம் போன ஜென்மம். இதை அவர்கிட்ட சொல்லிடாத. நான் இந்த அளவுக்கு இறங்கிட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு."

சொல்லிவிட்டு அக்கா ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

அடுத்த மாதம் சின்னவளின் நிறுவனத்தில் ஒரு குழுத் தலைவர் இடம் காலியானது. அத்தான் செய்துவந்த அதே வேலை. விண்ணப்பத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். உறவு என்பதையும் மறைக்கவில்லை. மூன்று சுற்றுத் தேர்வுகளையும் வேறு ஆட்கள்தான் நடத்தினார்கள். இந்த வருடம் பார்த்ததிலேயே கெட்டிக்காரர் இவர்தான் என்று தேர்வு செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அவளுடைய மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். மனிதர் நல்லவிதமாகவே பேசுவார். யாரையும் அதட்டியதில்லை.

"உங்க அக்கா வீட்டுக்காரர் பிரமாதம்னு சொல்றாங்க. இந்த இடத்துக்கு ஒண்ணு பத்துல இருந்து ஒண்ணு நாப்பது வரைக்கும் ஒதுக்கியிருக்கு. ஆனா அவ்வளவு கொடுக்கணுமா?"

"அவர் ஒண்ணு இருபது கேட்டு எழுதியிருக்காரு சார்."

"கேப்பாரு. மூணு வருஷம் முன்னாடி நம்ம பாடு ஞாபகம் இருக்கா? கையில மூணு கம்பெனி ஆஃபர் வெச்சுக்கிட்டு நம்மள பேரம் பேசினாங்க. ரெண்டு வருஷ அனுபவம்கூட இல்லாத பசங்களுக்கு அள்ளிக் கொடுத்தோம். இப்ப சந்தை நம்ம பக்கம் திரும்பியிருக்கு. இந்த ஒரு இடத்துக்கு எண்ணூறு விண்ணப்பம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம பிரிவுலயும் பாதிப் பேரைக் குறைக்கச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. யாரு கம்பெனிக்கு மிச்சம் பண்ணிக் காட்டுறாங்கன்னு பாக்கிறாங்க. சும்மா சொல்லுங்க, எவ்வளவு கிடைச்சா வருவாரு?"

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அவரையே கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். பிற்பாடு அவள் எத்தனையோ முறை அந்த இரண்டு பதில்களையும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கண்முன் எண்ணூறு பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவன் எண்பதுக்கு வருகிறேன் என்றால் அத்தான் கதி என்ன என்று பயந்தாள். தன் வேலையைப் பற்றியும் பயந்தாள். எந்தப் பயம் முந்தியது என்பதை அவளால் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எழுபத்திரண்டு இருந்தா குடும்பம் ஓடும்னு அக்கா சொன்னா."

மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப எழுபத்திரண்டு," என்றார்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எந்த மூலையில் கை வைக்கலாம் என்று காட்டிக் கொடுத்தது அவள்.

அத்தானிடம் தொகையைச் சொல்லும் வேலையும் அவளுக்கே வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கொஞ்சம் கூட்டிக் கேக்கலாமா சின்னவளே? ஒரு தொண்ணூறு?"

"இப்ப மார்க்கெட்டே இப்படித்தான் அத்தான். இதுக்கு மேல ஏறாது."

"சரிம்மா. உனக்குத் தெரியாதா? நீ சொன்னா சரிதான்."

அன்று மாலை அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாத்தியாடி, நான் கேட்ட அதே எழுபத்திரண்டு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கடவுள் நான் பேசினதை ஒட்டுக் கேட்டிருக்காரு போல." சின்னவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஹெச்.ஆர். பிரிவில் பதினான்கு பேர் இருந்தது ஏழானது. அந்த ஏழில் அவளும் இருந்தாள். மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்காக நிர்வாகத்திடமிருந்து பாராட்டு மின்னஞ்சலும் வந்தது. அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அழிக்கவும் மனம் வரவில்லை.

அத்தான் ஐந்து மாதம் நிம்மதியாக வேலை பார்த்தார். பிறகு வருடாந்திரச் சம்பள உயர்வுக்கான நேரம் வந்தது. குழுத் தலைவர் என்பதால் அவருடைய ஆட்களின் சம்பளப் பட்டியல் அவர் கைக்கு வந்தது. அவருக்குக் கீழே எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் அவரைவிட அதிகம் வாங்கினார்கள். குழுவிலேயே இளையவன், அவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்த பையன், தொண்ணூற்றைந்து வாங்கினான். பட்டியலின் அடியில் ஒவ்வொரு பதவிக்கும் குறைந்த வரம்பும் கூடிய வரம்பும் போட்டிருந்தது. அவர் பதவிக்கு ஆகக் குறைந்ததே ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

மாலையில் அவர் சின்னவளின் தளத்துக்கு வந்தார். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார். "அந்த எழுபத்திரண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"கம்பெனிதான் அத்தான்..."

"கம்பெனி எழுபதுன்னு சொல்லும். எழுபத்தஞ்சுன்னு சொல்லும். எழுபத்திரண்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பட்டியலைப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் புரியல. மதியம் உங்க அக்காவுக்குப் போன் பண்ணி, வீட்டுச் செலவு மாசம் எவ்வளவுன்னு கேட்டேன். யோசிக்காமச் சொன்னா."

சின்னவள் தலைகுனிந்தாள். "வேலை கைவிட்டுப் போயிடுமோன்னு பயந்துட்டேன் அத்தான்."

"எவனோ ஒருத்தன் என்னை அடிமாட்டு விலைக்குப் பேசியிருந்தா நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன். வெளியாள் அப்படித்தான் பேசுவான். நீ சொன்னா சரிதான்னு சொன்னேனே சின்னவளே."

அவர் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்கள் வழக்கமான அலுவலகப் பேச்சு என்றே நினைத்திருப்பார்கள்.

இரவு அக்கா அழைத்தாள்.

"நான் உன்கிட்ட அழுதேன்டி," என்றாள். "கொட்டேஷன் கொடுக்கல."

அவ்வளவுதான் பேசினாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவளை யாரும் வரச் சொல்லவில்லை. பிள்ளைகளின் படங்கள் வருவதும் நின்றுபோனது. அத்தான் வேலையை விடவில்லை. எங்கே போய்க் கேட்டாலும் முதல் கேள்வி, இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதுதான். எழுபத்திரண்டு என்று சொன்னவுடன் பேச்சு எண்பதில் முடிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து நிறுவனம் மறுபடி ஆட்களைக் குறைத்தது. இந்த முறை பட்டியலைச் சம்பளத்தின்படி வரிசைப்படுத்தி மேலிருந்து வெட்டினார்கள். அத்தான் குழுவில் நான்கு பேர் போனார்கள். தொண்ணூற்றைந்து வாங்கிய பையனும் போனான். மற்றக் குழுத் தலைவர்கள் மூவரில் இருவர் போனார்கள். அத்தான் தப்பினார்.

"பாத்தீங்களா," என்றார் மேலாளர், "ஒண்ணு இருபது வாங்கியிருந்தா இன்னைக்கு அவரும் வெளியதான். நீங்க அன்னைக்குச் செஞ்சது நல்லதாப் போச்சு."

சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் போகிறவளுக்குக் கிடைத்த கட்டை அது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அத்தான். "வாங்க," என்றார். அவர் அக்காவைக் கட்டிக்கொண்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து ஒரு நாளும் அவர் அவளை நீங்க, வாங்க என்றதில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். போன நான்கு பேர் வேலையும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது.

சின்னவள் நின்றபடியே சொன்னாள். வெட்டிய விதத்தை, போனவர்களை, அத்தான் தப்பித்த காரணத்தை. சொல்லச் சொல்ல அவள் குரலுக்குத் தைரியம் வந்தது. அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப அவரு இனிமே கூட்டிக் கேக்கவே முடியாது," என்றாள். "கேட்டு வாங்கிட்டா அடுத்த பட்டியல்ல மேல போயிடுவாரு. அப்படித்தானே?"

சின்னவளுக்குப் பதில் தெரியும். தொழிலே அதுதான்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?"

அக்கா கேட்டதில் கோபம் இல்லை. மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

தள்ளிப்போயிருந்த அந்த வருடச் சம்பள உயர்வில் அத்தானுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் கொடுத்தார்கள். கடிதத்தைச் சின்னவள்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அலுவலக முகவரியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "பெற்றுக்கொண்டேன், நன்றி." அவள் அதை உரிய கோப்பில் சேர்த்துவிட்டு, வெட்டப்பட்ட பையனின் இடத்துக்கு ஐம்பதாயிரத்தில் ஆள் தேட வந்திருந்த படிவத்தைத் திறந்தாள்.