மிண்டலின் காது

ஹிந்தா கையுறைக்கு விரல் தைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் படைக்குப் போகிற தோல் கையுறைகள். வந்தவளுக்கு நாற்காலியைக் காட்டினாளே தவிர, ஊசியைக் கீழே வைக்கவில்லை.

குழந்தையை ஒளித்துவைக்கக் கூட்டிப்போக வந்த அந்தப் பெண் தன் பெயர் தெனீஸ் என்றாள். அவள் மேலங்கியில் யூதர்கள் குத்திக்கொள்ள வேண்டிய மஞ்சள் நட்சத்திரம் இல்லை. பள்ளிக்கூட டீச்சர் மாதிரி சுத்தமாகப் பிரெஞ்சு பேசினாள். அதுவே ஹிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. கீழ்வீட்டுக் குடும்பத்தை ஒளித்துவைக்கிறேன் என்று வந்தவனும் இப்படித்தான் பதவிசாகப் பேசினான். மறுநாள் அவர்களை ஏற்றிப்போக வாசலில் ஜெர்மன் லாரி நின்றது.

"எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"சொல்ல முடியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா உங்கள அடிச்சுக் கேப்பாங்க."

"நல்லா இருக்கே. மூட்டை தூக்கறவன்கூட எங்க எறக்குவேன்னு சொல்லிட்டுப் போறான். நான் பெத்தது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"ஜெர்மன்காரங்க பின்தெரு வரைக்கும் வந்து ஆளுங்களப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு விட்டா எனக்கு வேற வழியில்லங்க."

ஹிந்தா சட்டென்று தங்கள் வீட்டு மொழியான யித்திஷுக்கு மாறினாள். "நீ நம்ம யூதப் பொண்ணா?"

"புரியலைங்க" என்றாள் தெனீஸ், பிரெஞ்சிலேயே.

ஹிந்தா எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "கிளம்புங்க."

மேசைக்கடியில் தோல் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஹிந்தாவின் மகள் மிண்டல் வெளியே வந்து பலமாகத் தும்மினாள். கதவை நோக்கி நடந்த தெனீஸின் கை, போகிற போக்கில், குழந்தையின் காதைப் பிடித்து மெல்ல இழுத்துவிட்டது.

தும்மின பிள்ளையின் காதை இழுத்துவிடுவது அவர்கள் வீடுகளில்தான் வழக்கம். அந்தப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வேறு எவளுக்கும் அது தெரியாது. ஹிந்தா கதவைச் சாத்தினாள்.

"யாரு வீட்டுப் பொண்ணுடி நீ?"

தெனீஸ் காதை இழுத்த தன் கையைப் பார்த்தாள். "தொப்பி தைக்கிற லெய்சரோட மூத்தவ" என்றாள் யித்திஷில். "தெருவுல வாய் தவறிடுமோன்னு நம்ம பேச்ச எங்கயுமே பேசறதில்ல."

"வாயக் கட்டிட்ட. கையக் கட்டலையே. அந்தக் கை ஒருநாள் என் பிள்ளையக் காட்டிக் குடுத்துடும்."

"இனி செய்யாதுக்கா."

"செய்யாதுன்னு சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்த பிறகும் ஹிந்தாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் குழந்தைக்குக் கழுத்துத்துணி சுற்றிவிட்டாள். "இனிமே உன் பேரு மோனிக். அம்மான்னு கேட்டு அழக் கூடாது." கதவை அவளே திறந்துவிட்டாள்.

டிராமில் தெனீஸுக்கும் மிண்டலுக்கும் எதிர் இருக்கையில் ஒரு ஜெர்மன் சிப்பாய் வந்து உட்கார்ந்தான். கையில் தோல் கையுறை. ஜன்னல் குளிரில் மிண்டல் மறுபடி தும்மினாள்.

தெனீஸ் இரண்டு கைகளையும் பைக்கடியில் அழுத்திக்கொண்டாள். குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது. கை வரவில்லை.

"கெஸுண்ட்ஹைட்" என்று ஜெர்மனில் வாழ்த்தினான் சிப்பாய் சிரித்துக்கொண்டே. தும்மினால் அம்மா யித்திஷில் சொல்கிற சொல்லும் ஏறக்குறைய அதுதான். குழந்தையின் முகம் மலர்ந்தது. அவன் பக்கம் எட்டி, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாப்பாவுக்குக் காது வலியா?" என்றான், தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில்.

"ஆமாங்க, ராத்திரி பூரா அழுதா."

தெனீஸ் கழுத்துத்துணியை ஏற்றி இரண்டு காதுகளையும் மூடி, தாடைக்கடியில் இறுக்கி முடிந்தாள். துணிக்குள்ளும் குழந்தை தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் கையுறைக் கையைப் பார்த்தபடி காத்திருந்தது.