ஐந்து நட்சத்திரக் கை

"கால் எங்க போகுதுன்னே தெரியல, இதுல கை வேற" என்று என் மனைவி கம்பளத்தின் நடுவில் மூச்சிரைக்க நின்றாள். தொலைக்காட்சி கொஞ்சம் யோசித்துவிட்டு அவளுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டது.

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவள் வருவதைப் பார்த்ததுமே எவ்வளவு பெரிய ஆளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்ததும் யாராவது கைதட்ட மாட்டார்களா என்ற ஆசையோ என்னவோ, கூடத்தின் ஆண்டுவிழாக் குழு நடனத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். ஒத்திகை தொடங்குமுன் அவமானத்தை வீட்டோடு முடித்துக்கொள்ள மகளின் நடன விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஓர் ஊதா உருவம் ஆடும். கையடக்கக் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாமும் அப்படியே ஆட வேண்டும். மகளைப் பொறுத்தவரை அது சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம். எனக்கோ, சோபாவுக்கும் செய்திக்கும் நடுவில் வந்து விழுந்த இடைஞ்சல்.

சனிக்கிழமை மாலை அவள் குளிக்கப் போனாள். கருவி பக்கத்தில் கிடந்தது. முக்காலியில் கால், இடது கையில் பிஸ்கட். வலது கையை மட்டும் ஊதா உருவம் போல வீசிப் பார்த்தேன். பாட்டு முடிந்தபோது திரையில் வாணவேடிக்கை, ஐந்து நட்சத்திரம்.

சத்தம் கேட்டு ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "யாரு, நீங்களா?"

அவசரமாக எழுந்து நின்றிருந்த நான், "சும்மா ஆடிப் பார்த்தேன்" என்றேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவன் நான். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்கள் பிடிபடும்போது ஒரு முகம் வைப்பார்கள். அதே முகம் இப்போது என் கழுத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அவள் என்னை வியந்து பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பார்வை விழுந்ததில்லை. விட மனம் வரவில்லை.

அரைமணி கழித்து அவள் போனில் தன் கூடத்துத் தலைவியிடம் பேசுவது கேட்டது. "அக்கா, என் பேரை எடுத்துடுங்க. எங்க வீட்டுக்காரருக்கே அஞ்சு வருது. செருப்பு மாட்டவே சுவத்தைப் பிடிக்கிற மனுஷன். எனக்குத்தான் வரலன்னு அர்த்தம்." அந்தப் பக்கம், யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள் போல.

பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தேன். போய் உண்மையைச் சொன்னேன். "உட்கார்ந்துதான் ஆடினேன். அது கையை மட்டும்தான் பார்க்குது."

"எனக்காகப் பொய் சொல்ல வேணாங்க."

சொன்ன பொய்யை நம்பியவள், உண்மையை நம்ப மறுத்தாள். வேறு வழியில்லை. முக்காலியில் காலைப் போட்டு அவள் கண்ணெதிரே ஆடிக் காட்டினேன். ஐந்து நட்சத்திரம்.

"அடப்பாவி மனுஷா!"

"இதுகூடத் தெரியாதாம்மா?" என்று எழுந்து வந்த மகள், கருவியை வாங்கி மேஜை விசிறியின் தலையில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினாள். விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவகாசமாகத் திரும்பியது. முடிவில் மூன்று நட்சத்திரம் வாங்கியது.

"விசிறிக்கு மூணு, எனக்கு ரெண்டா?"

"தராசுல கோளாறு. சரக்குல இல்ல" என்றேன். என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே காதல் வசனம் அதுதான்.

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த பாட்டைப் போடுடி" என்று மகளிடம் சொன்னாள். கருவி விசிறியிலேயே இருந்தது. வெறுங்கையோடு கம்பளத்தில் ஏறினாள். முதல் சுற்றில் இடறினாள். இரண்டாவதில் முக்காலியை ஓர் உதை விட்டு ஓரம் கட்டினாள். மூன்றாவதில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினாள்.

போன் அடித்தது. எடுத்தேன், அவள் கூடத்துத் தலைவி. "பேரை நிஜமாவே எடுத்துடட்டுமான்னு கேக்கறாங்க."

"ஆடிட்டு இருக்கேன்னு சொல்லுங்க!"

சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள், பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை. போனை அவள் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். ஈரத்தலை சுழன்று என் கண்ணாடியில் நீர் தெறித்தது. துடைக்கக் கை ஒழியாமல், புள்ளி புள்ளியாகத் தெரிந்த அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.