ஓர் அடுப்புக்கு வந்த பட்டாளங்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. வியட்நாமின் விடுதலைப் போருக்குள் அயல்நாட்டுப் பட்டாளங்கள் எப்படி வந்து விழுந்தன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். "1945இல் ஜப்பான் சரணடைந்ததைத் தொடர்ந்து, வல்லரசுகள் தத்தம்..." எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்துப் போட்டுவிட்டு ராமையாவைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நினைப்பதற்குள் வந்து நின்றான். அவன் அப்படித்தான்.

2

2007 பிப்ரவரி, கத்தாரில் ராஸ் லஃபான் தொழிலாளர் கேம்ப். ராமையா முதுகுளத்தூர் பக்கம், பைப் ஃபிட்டர். அவனுக்கு மேல்கட்டிலில் லாம், வியட்நாமிலிருந்து வந்த வெல்டர். இருவருக்கும் பொதுமொழி பாதி ஹிந்தி, கொஞ்சம் அரபி, மீதி கைஜாடை.

[லாமை முதலில் சோகமானவனாக எழுதினேன். பிணம்போல் கிடந்தான். சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆட விட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.]

லாமுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் புத்தாண்டுக்கு ஒட்டரிசியும் பாசிப்பருப்பும் வாழையிலையில் பொதிந்து வேகவைக்க, வெள்ளிக்கிழமை ஓர் அடுப்பு. எட்டு மணிநேரம்.* போன வருடம் கிடைக்காமல், அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

* முதலில் எட்டு நிமிடம் என்று எழுதினேன். கதை அங்கேயே முடிந்துவிட்டது.

இந்த வருடம் அந்த வெள்ளிக்கிழமை அடுப்பு பக்கத்து ரூம் விஜயபாஸ்கரின் முறை. லாம் அவனிடம் தானே போய்க் கேட்டிருந்தான். "பாப்போம்" என்றிருந்தான் விஜயபாஸ்கர். அது பாதிச் சம்மதம்.

3

ராமையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"லாமு, நீ சும்மா இருப்பா. நான் பேசிக்கிறேன்."

"பாய், ஹெல்ப் மாஃபி." உதவி வேண்டாம் என்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை, லாம் ரூமில் பொதி கட்டிக்கொண்டிருக்கையில், ராமையா எபினை அடுப்படிக்கு இழுத்துப் போனான். எபின் குளச்சல்காரன், எலெக்ட்ரீஷியன். குரலே ஒரு கடல்.

"லேய் பாஸ்கரு, ஒரு நாளு அடுப்ப குடுத்தா தேஞ்சா போவ?"

விஜயபாஸ்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் ரூம் கார்மேகத்தைக் கூப்பிட்டான். எபின் அடுத்த பிளாக்கிலிருந்து முகம்மது யூசுப்பைக் கூப்பிட்டான். யூசுப்போடு, எதற்கென்றே தெரியாமல், ஒன்பது பேர் வந்தார்கள். அத்தனை பேரில் லாமின் பெயர் தெரிந்தவர்கள் இரண்டோ மூன்றோ. சத்தம் கேட்டு கேம்ப் பாஸ் வந்தார். "கலாஸ்!" என்றார், முடிந்தது என்று. அடுப்படிக்குப் பூட்டு விழுந்தது.

4

[இங்கே கட்டுரையைக் கொஞ்சம் நுழைக்கிறேன், மன்னிக்கவும். லாமின் ஹிந்தியை என் தமிழில் தருகிறேன்.]

விஷயத்தைக் கேட்டு லாம் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் ராமையாவைக் கலக்கியது. வாசலில் கிடந்த செருப்புகளை லாம் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"இது ஃபிரான்ஸ். அப்புறம் ஜப்பான். ஜப்பான் தோத்துச்சு. அவன் கீழ வச்ச துப்பாக்கிய வாங்க வடக்க சீனா, தெக்க பிரிட்டிஷ். பிரிட்டிஷ் முதுகுக்குப் பின்னாடி மறுபடி ஃபிரான்ஸ். ஃபிரான்ஸுக்குக் கைகொடுக்க அமெரிக்கா. ஃபிரான்ஸ் போயிருச்சு, அமெரிக்கா உக்காந்துருச்சு. எங்க பக்கம் சீனா, ரஷ்யா."

செருப்பு தீர்ந்துவிட்டது. ராமையா காலில் கிடந்ததையும் லாம் கழற்றச் சொன்னான்.

"பிரிட்டிஷ்கூட வந்தது யாரு? இந்தியா பட்டாளம்."

"நாங்களா? எங்களயே வெள்ளக்காரன்ல ஆண்டுக்கிட்டு இருந்தான்!"

"ஆமா. ஆனாலும் வந்தீங்க."

ராமையா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

"யாருப்பா இவ்வளவு பேரையும் கூப்புட்டது?"

"கொஞ்சம் பேர நாங்க. மீதி தானா வந்துச்சு. எல்லாம் ஹெல்ப், பாய்."

5

முடிவுகள். ராமையா பூட்டை உடைக்கிறான்: அடித்துவிட்டேன். கேம்ப் பாஸ் மனம் இளகுகிறார்: பேனா என் கையில்தானே, எழுதியே விட்டேன். படித்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் பத்தாவது ஆளாக நானும் நிற்கிறேன். அதையும் அடித்தேன்.

மிஞ்சியது இது. லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கேம்ப் பாஸின் ஆபீசுக்கு நடந்தான். ராமையாவும் பின்னாலேயே போனான். ஆபீஸ் வாசலில் லாம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். ராமையா படியில் உட்கார்ந்தான். சும்மா இருப்பதே சுகம் என்றவர்கள் அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்காக மூன்று வசனம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அவனுக்குப் பேசத் தெரியும்.

வாசகரே, முடிவு இனி உங்கள் கையில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் சட்டைக் கையை மடக்குகிறீர்கள். வேண்டாம். ராமையாவுக்குப் பக்கத்தில் படியில் இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.