மஞ்சள் மிதவைக்கு இந்தப் பக்கம்

மாஸ்டருக்குத் தரையில் ஒரு குணம், தண்ணீரில் ஒரு குணம் என்று அவர் மனைவி சொல்வாள். விளையாட்டாகச் சொன்ன பேச்சுதான். பிறகு அவள் அதைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு காலை வைத்திருப்பார். படிக்க வந்தவர் மஞ்சள் விளக்கைப் பார்த்து வேகம் கூட்டினால் தொலைந்தார். வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, இன்ஜினை அணைக்கச் சொல்லி, நிதானமாக ஆரம்பிப்பார். "நீங்க நல்லா ஓட்டுறது பெரிசில்ல. பக்கத்துல போறவன் பயப்படாம போகணும். அதுக்குப் பேருதான் ஓட்டுறது." டாக்டரும் கேட்டிருக்கிறார், கல்லூரிப் பெண்ணும் கேட்டிருக்கிறாள், பேரன் எடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவர் ஏரியில் இறங்கிவிட்டால் வேறு ஆள். வேலை மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் அவரிடம் விட்டுப்போன சின்ன மோட்டார் படகு அது. நாலு பேர் உட்காரலாம். கைப்பிடியை முன்னால் தள்ளினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறும். வாரம் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு, விடுமுறை நாளில் அந்தச் சீற்றம் தலைக்கேறிவிடும்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவா."

"வாரம் பூரா மெதுவா, மெதுவான்னு நான்தான் கத்திக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் என்னை விடேன்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அளந்து கொடுத்தே பழகியவள். அதற்கு மேல் பேசமாட்டாள். உயிர்காப்பு அங்கியின் வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வாள்.

படகு வந்த நாளிலிருந்தே மாஸ்டருக்கு ஒரு ஆசை இருந்தது. அண்ணி தன்னைப் படகோட்டியாகப் பார்க்க வேண்டும். அம்மா சீக்கிரமே போய்ச்சேர்ந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் அண்ணி. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். கணக்கில் தோற்றபோது அப்பாவின் கைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் வந்து நின்றது அவள்தான். முதன்முதலாக அவர் ஓட்டிய காரில், சாமியை வேண்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் அவள்தான். "என் கொழுந்தன் ஓட்டினா நான் தூங்கிக்கிட்டே வருவேன்" என்று ஊரெல்லாம் சொல்வாள். உண்மையில் அன்றைக்கு இருக்கையின் ஓரத்தைப் பிய்த்தெடுக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

அண்ணிக்குக் கேக் கடையில் வேலை. கேக்கின் மேல் பெயர் எழுதுவது. கிரீம் அடைத்த பையைக் கையில் எடுத்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். அவள் போடும் சுழிக்காகவே அந்தக் கடையைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். "கல்யாணம் ஆனவங்க பேரு ரெண்டையும் சமமா எழுதணும் தம்பி. ஒண்ணு பெரிசாப் போச்சுன்னா அங்கேயே சண்டை ஆரம்பிச்சிடும்" என்பாள்.

நீண்ட மழைக்குப் பிறகு வெயில் அடித்த விடுமுறை நாள் அது. ஏரியில் படகுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது. மிதிபடகுகளில் குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு முட்டி மோதின. துடுப்புப் படகுகள் திசை தெரியாமல் சுற்றின. கரையோரம் தூண்டில் போட்டவர்கள் எல்லோரையும் முறைத்தார்கள். படகுத்துறையைச் சுற்றி வரிசையாக மஞ்சள் மிதவைகள். அந்த மிதவைகளுக்கு உள்ளே வந்துவிட்டால் எந்தப் படகும் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். பின்னால் அலை எழக்கூடாது. துறையின் வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மாஸ்டருக்கு அது மனப்பாடம்.

அண்ணனும் அண்ணியும் அன்று ஒரு துடுப்புப் படகை எடுத்திருந்தார்கள். நாலு பேரும் துறையில் சேர்ந்து சாப்பிடுவதாகப் பேச்சு. ஏரியின் நடுவிலிருந்தே மாஸ்டர் அவர்களைப் பார்த்துவிட்டார். நூலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன், புத்தகம் புரட்டுகிற மாதிரி துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். படகு ஒரு அடி முன்னால் போனால் ரெண்டு அடி பக்கவாட்டில் போனது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"பாரு எங்கண்ணன் ஓட்டுற அழகை" என்று சொல்லிக் கைப்பிடியை முன்னால் தள்ளினார் மாஸ்டர்.

"மிதவை வந்துடுச்சுங்க."

"தெரியும்."

"தெரியும்னா மெதுவா போங்க. சின்னச் சின்னப் படகா இருக்கு."

"அண்ணி ஒரு தடவை பாக்கட்டும். பக்கத்துல போய் நிறுத்திடறேன்."

அவர் நினைத்தது இவ்வளவுதான்: வேகமாக வந்து, கிட்டத்தில் ஒரு வளைவு போட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் கச்சிதமாக நிற்க வேண்டும். அண்ணி கைதட்டுவாள். ஒரு மிதிபடகில் இருந்த ஆள் கையைக் குறுக்கே ஆட்டி ஏதோ சொன்னார். துறையில் இருந்த காவலர் விசில் ஊதினார். கொண்டாட்டத்தின் இரைச்சலில் அதுவும் ஒன்றாக மாஸ்டர் காதில் விழுந்தது. மிதவையைத் தாண்டி, வளைத்து, கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். படகு நின்றது. நினைத்த இடத்தில், நினைத்த மாதிரியே நின்றது. எழுந்து நின்று கையை உயர்த்தி, "அண்ணி" என்று கூப்பிட்டார்.

தரையில் வண்டி நின்றால் அதோடு விஷயம் முடிந்தது. தண்ணீரில் படகு நின்றாலும் அது கிளப்பிவிட்ட அலை நிற்பதில்லை. அவர் பின்னாலிருந்து புறப்பட்ட அலை அவரைத் தாண்டிப் போயிற்று. மிதிபடகு ஒன்று ஒருபக்கமாகச் சாய, குழந்தை ஒன்று வீறிட்டது. அண்ணனின் படகு அப்போதுதான் துறையை நெருங்கியிருந்தது. அலை அதை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் துறையின் இரும்புத் தூணை நோக்கி வீசியது. படகு மோதப்போகிறதே என்று யாரும் செய்வதைத்தான் அண்ணியும் செய்தாள். கையை நீட்டித் தூணைத் தடுத்தாள். வலது கை. படகின் விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவில்.

அண்ணி கத்தவில்லை. சிரிப்பு முழுசாகப் போகாத முகத்தோடு, என்ன நடந்தது என்று புரியாமல் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் மூன்று விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். நடு விரல் தேறியது. கட்டை விரல் பாதி மடங்கியது. ஆள்காட்டி விரல் மட்டும் கம்பி வைத்துக் கட்டியும் பிடிவாதமாக நீட்டிக்கொண்டே நின்றுவிட்டது. "யாரையாவது குத்தம் சொல்லிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்று அண்ணியே சிரித்தாள். சொன்ன பிறகுதான் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பி, தண்ணீர் கேட்டாள்.

ஏரி நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டது. மிதவைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டார்கள். "உள்ளே" என்றார். விசில் கேட்டதா என்றார்கள். "கேட்டுது." வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்கள். இல்லை என்று தலையாட்டினார். படகு ஓட்டும் அனுமதியை ரத்து செய்தார்கள். அவர்கள் செய்யாவிட்டாலும் இனி அவர் அதில் ஏறப்போவதில்லை. படகை நண்பருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒருநாள் மருத்துவமனை மாடிப்படியில் மாஸ்டர் அவரை நிறுத்திக் கேட்டார்.

"என்னைத் திட்டிடுண்ணா. நாலு அறை வேணும்னாலும் குடு."

அண்ணன் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவினார். "திட்டினா உனக்கு நல்லா இருக்கும்" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகாது." மேலே ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் தினமும் அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் நேராக அங்கேதான். பழம் வாங்கிப் போவார். காய் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார், துணி மடிப்பார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. மடித்த துணியை அவர் போன பிறகு அண்ணன் பிரித்து மறுபடி மடிப்பது அவருக்குத் தெரியாது. கிளம்புமுன் வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க" என்பார். "அட, விடுப்பா" என்பாள் அவள். மறுநாளும் அதே வாசல், அதே பேச்சு.

கேக் கடையில் அண்ணியைக் கைவிட்டுவிடவில்லை. முன்பக்கம் வந்து, வருகிறவர்களை விசாரித்து, பெட்டியில் ரிப்பன் கட்டிக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ரிப்பன் கட்டுவதும் அந்த விரலோடு எளிதல்ல. உள்ளே வேறொரு பெண் எழுத வந்தாள். அண்ணியே அவளை நல்ல கைத்திறம் உள்ளவள் என்று பாராட்டினாள்.

அன்று மாஸ்டர் போனபோது அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி சமையலறையில் இடது கையால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தியை வாங்கக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"உக்காரு தம்பி."

உட்கார்ந்தார்.

"நீ ஒண்ணும் வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"அதனால ஆச்சா அண்ணி? நான்தானே..."

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ தினம் வந்து மன்னிப்பு கேக்கறே. நான் தினம் பரவாயில்லைன்னு சொல்றேன். எனக்குப் பரவாயில்லைன்னு இல்லப்பா. காலையில எழுந்ததும் கை ஞாபகம் வருது. பல் தேய்க்கறப்ப வருது, பொத்தான் போடறப்ப வருது. பகல் பூரா ஒருமாதிரி சமாளிச்சு உக்காந்தா, சாயங்காலம் நீ வந்து நிக்கறே. உன் முகத்தைப் பாத்து உன்னைத் தேத்தணும். நோவும் எனக்கு, ஆறுதல் சொல்றதும் நானான்னு இருக்கு."

மாஸ்டர் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தைதான் வரப்பார்த்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"கோபமா சொல்லல. கொஞ்ச நாள் வராம இரு. எனக்கே தோணுச்சுன்னா நான் கூப்பிடறேன்."

"சரி அண்ணி."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து கிழங்கு உரிக்கிற சத்தம் மறுபடி கேட்டது. அன்று எதுவும் சொல்லாமல் படியிறங்கினார்.

அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை. மனைவி மட்டும் போய்வந்தாள். போய்வந்ததைப் பற்றிப் பேசமாட்டாள், அவரும் கேட்கமாட்டார். சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல், பயிற்சிக் காரைத் துடைத்ததையே துடைத்தார். காரில் மஞ்சள் விளக்கைத் தாண்டப் பார்த்தவர்களை இப்போதும் ஓரம்கட்டச் சொன்னார். ஆனால் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளை விட்டுவிட்டு, "பாத்துப் போங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இவர் திட்டமாட்டார், சாது மனுஷன் என்று புதிதாக வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்படியே மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் பயிற்சியின்போது நாற்சந்தியில் வண்டி நின்றிருந்தது. எதிர்ச் சாரியில் வேறொரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் வந்து நின்றது. ஸ்டியரிங் முன்னால் அண்ணி. கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. முதுகை விறைப்பாக வைத்து, கண்ணை அகல விழித்து, சாலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு இளம்பெண் ஏதோ சொல்ல, அண்ணி தலையாட்டினாள். விளக்கு மாறியதும் நிதானமாகக் கிளம்பி, மாஸ்டரைக் கடந்து போனாள். நீட்டிய விரல் ஸ்டியரிங்கைத் தொடாமல் தனியாக நின்றது.

"சார், போகலாமா?" என்று மாணவர் கேட்ட பிறகுதான் பின்னால் ஹாரன் அடிப்பது மாஸ்டருக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஆச்சு, கொஞ்ச நாளா. கடைக்கு பஸ்ல போறது கஷ்டமா இருக்காம். கம்பியைப் பிடிச்சுக்க முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அக்காதான் சொல்ல வேணாம்னாங்க."

"ஏன்?"

அவள் சட்டையொன்றை உதறி, கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவினாள். "நான் சொல்லித்தரேன்னு நீங்க கிளம்பி வந்துடுவீங்களாம்."

மாஸ்டர் வந்திருப்பார்தான். அந்த நாற்சந்தியிலிருந்து வீடு வந்து சேரும்வரை, எந்தத் தெருவில் ஆரம்பிக்கலாம், எந்த நேரத்தில் நெரிசல் குறைவு என்று மனசுக்குள் வழி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

வாளியில் ஈரத்துணி இன்னும் இருந்தது. குனிந்து ஒன்றை எடுத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினார்.