ஆற்றில் சேர்க்கவும்

தாரணி சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். "பெரியப்பா, இனிமே போனே வேண்டாம். மயிலாப்பூர் தளமும் நம்ம தளமும் தானாப் பேசிக்கும்."

தி.நகரில் பட்டுக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து நம்பவில்லை. "ஒரே ஒரு ஆர்டர் தப்பாப் போச்சுன்னாலும் பழைய நோட்டுதான். நீ கம்ப்யூட்டரை மூடிட்டு ஜாக்கெட் பிட்டு கிழிக்கப் போயிரணும், ஆமா."

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் கல்யாணக் காரியங்களை எடுத்து நடத்தும் வேதாந்தத்துக்கு ஒரு வலைத்தளம். தி.நகர் தளத்தில் இருக்கும் 'புடவை அனுப்பு' என்ற வேலையை, ஏதோ தன் வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அது அங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடும். தன் டேட்டாபேஸில் உள்ள ஆர்டரை, பெண் பெயர், நிறம், நேரம், இடம் என்று மொத்தமாக மூட்டை கட்டிக் கொடுக்கும். மூட்டை இங்கே பிரிந்து ஆர்டராக உட்காரும். பேச்சுத்தமிழில் வந்தால் எழுத்துத்தமிழாகத் திருத்தவும் தாரணி ஒரு நிரல் எழுதியிருந்தாள். அதிகப்பிரசங்கித்தனம்தான், யார் கேட்டது?

முதல் மூட்டை வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஸஹானா நிச்சயதார்த்தம், மாம்பழ நிறப் பட்டு, நான்கு மணிக்குள். இடம்: ஆற்றில்.

தாரணி அதை இரண்டு தடவை படித்தாள். வேதாந்தத்தைக் கேட்கலாம்தான். ஆனால் போனே வேண்டாம் என்று வீறாப்பாய்ச் சொன்னது யார்? "பெரியப்பா, ஆத்துல குடுக்கணுமாம்!"

தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த இசக்கிமுத்து யோசிக்கவே இல்லை. "அவங்க சம்பிரதாயம் ஆயிரம் இருக்கும். ஆத்துலன்னா ஆத்துல. அனுப்புட்டி!"

மூன்றே காலுக்கு, டெலிவரிக்குப் போன அப்துல் சமத் கூப்பிட்டார். "அம்மா, அடையார் பாலத்தாண்ட நின்னுகினு கீறேன். ஒருத்தரையும் காணோம். பொடவைய அப்படியே தண்ணில போட்டுடவா, இல்ல பூ பழம் எதுனா வச்சு வுடணுமா?"

"ஐயோ, போடாதீங்க!" என்று தாரணி அலறும்போதே கடைப் போன் அடித்தது. இசக்கிமுத்து எடுத்தார். வேதாந்தம்.

"புடவை இன்னும் ஆத்துக்கு வரலையே! சம்பந்தி வந்து உக்காந்துண்டிருக்கா."

"ஆத்துக்குத்தான் சாமி அனுப்பிருக்கு. பாலத்துல நிக்காரு பாருங்க."

"பாலமா? ஸஹானா ஆத்துல ஏது பாலம்? பொண்ணு வீட்டுல ஓய், மாடவீதியில!"

தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். வேதாந்தம் 'ஆத்துல' என்று தட்டியது, அவர்கள் பேச்சு வழக்கில் வீட்டை. அவளுடைய நிரல் அதை ஆற்றில் இறக்கிவிட்டது. வீட்டு விலாசமோ வேதாந்தத்தின் டேட்டாபேஸில் வேறொரு பதிவில் இருந்தது. அதையும் மூட்டையில் சேர்க்கச் சொல்ல அவள் மறந்திருந்தாள்.

அப்துல் சமத் பறந்தார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் புடவை போய்ச் சேர்ந்தது.

இசக்கிமுத்து பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தார். "பாத்தியா? எந்திரி. ஜாக்கெட் பிட்டு."

தாரணி எழுந்திருக்கவில்லை. பேனாவை நீட்டினாள். "சரி பெரியப்பா. வேதாந்தம் சார் போன்ல 'ஆத்துல குடுத்துடுங்கோ'ன்னு சொல்றார்னு வைங்க. நோட்டுல என்ன எழுதுவீங்க? எழுதுங்க பாப்போம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். 'ஆத்துல' என்று எழுதி, எழுதியதை வாசித்தார். பிறகு நோட்டை மூடினார்.

"அடுத்த தடவை விலாசத்தையும் சேத்து அனுப்பச் சொல்லுட்டி," என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் பிட்டுப் பக்கம் அவரே போனார்.